வீட்டில் வேறு யார் அப்படி

"தம்பிக்குத்தானே சீக்கு? நம்மள எதுக்குடி டாக்டர் அம்புட்டுக் கேள்வி கேட்டாரு?"

தல்லாகுளத்தில் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் மூத்தவள் இப்படிக் கேட்டாள். சோழவந்தான் பஸ். கேசட் சிக்கிப் பாட்டு நின்றுபோயிருந்ததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"மனச்சிதைவுன்னு சொன்னாருல்ல, அது ஒருத்தருக்கு வந்த வீட்டுல மத்தவங்களுக்கும் அந்தச் சாயல் கொஞ்சம் இருக்கலாமாம்க்கா. நோயா இருக்காதாம், சுபாவமா இருக்குமாம்."

"என்ன சுபாவம்?"

"யார்கூடயும் ஒட்டாம இருக்குறது, எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுறது. நம்ம அப்பா கல்யாண வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டாருல்ல, எவனாச்சும் எதையாச்சும் கலந்திருப்பான்னு."

"அது அவரு சுத்தம் பாக்குறது."

"சித்தப்பா? தெருவுல ரெண்டு பேரு நின்னு பேசுனா, தன்னையத்தான் பேசுறாங்கன்னு சண்டைக்குப் போவாரே."

மூத்தவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப எனக்கு?"

"அத நீதான்க்கா சொல்லணும்."

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மெதுவாப் பேசு. பின்னாடி இருக்குற ஆளு அப்ப இருந்து நம்ம பேச்சத்தான் கேட்டுக்கிட்டு வாரான்."

இளையவள் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு பாட்டுக்கு வேடிக்கை பாத்துக்கிட்டு வாராருக்கா."

அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த தடவ டாக்டர்கிட்ட இதையும் சொல்லிருவோம்."