ஜாபேஸ் சார் தூக்கிய கை

மேடையின் நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் மில் மேலாளர் திரு. அருஞ்சுனை அவர்களே! உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காமல், படமான பிறகு மாலையோடு வந்திருக்கும் அருப்புக்கோட்டைப் பெருமக்களே! கணவரைப் பறிகொடுத்து முன்னால் உட்கார்ந்திருக்கும் பியூலா அக்கா அவர்களே! மில் தொழிலாளியாக இருந்த சோணைமுத்துவின் வணக்கம்.

யார் இந்த ஜாபேஸ் சார்? திருச்சுழிக்காரர்! மெட்ராஸில் கப்பல் கம்பெனி வேலையில் ஜப்பான் மொழி கற்றவர். தொண்ணூற்றொன்றில் நம் மில்லுக்கு ஜப்பான் மிஷின் வந்தபோது, கூட வந்த எஞ்சினியருக்கு மொழிபெயர்த்தவர். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் கையைத் தூக்குவார். "எந்தப் பொருள்?" என்பார். பதில் வரும்வரை வாய் திறக்க மாட்டார். நீங்கள் என்ன செய்தீர்கள்? "ஏலே, எந்த சார் வாராருடா" என்று சிரித்தீர்கள்!

பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு மிஷினை ஓட்டச் சொன்னது யார்? இதே மேலாளர். விரல்களைக் கொடுத்தது யார்? நான்! என்ன நடந்தது என்று எஞ்சினியர் கேட்டார். மேலாளர் ஜாபேஸ் சாரிடம் திரும்பினார். "ஸாரி. அம்புட்டுத்தான். அவரு பாஷையில சொல்லும்."

ஜாபேஸ் சார் கையைத் தூக்கினார்.

"எந்த ஸாரிங்கய்யா? ஜப்பான்ல துக்கத்துக்கு ஒரு சொல்லு, மன்னிப்புக்கு வேற சொல்லு. மன்னிப்புன்னா தப்பு உங்க மேலன்னு ஆயிரும். துக்கம்னா யாரு மேலயும் தப்பில்லன்னு ஆயிரும். எதைச் சொல்ல?"

"ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லித் தொலையும்யா!"

"அந்தாளுக்கு வெரலே போச்சுங்க. ஏதாச்சும் ஒண்ணைச் சொல்ல ஏலாது."

மேலாளர் துக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். நான் நஷ்டஈடு இல்லாமல் வீட்டுக்குப் போனேன். கேட்ட குற்றத்துக்காக ஜாபேஸ் சாரும் வெளியே அனுப்பப்பட்டார். அடடா, என்ன நீதி! ஜப்பான் மொழி படித்தவர் பரளச்சிக் காட்டில் விறகு எரித்துக் கரிமூட்டம் போட்டார். அந்தப் புகையைக் குடித்தே நெஞ்சடைத்துச் செத்தார். யாராவது ஒரு வேலை கொடுத்தீர்களா? "படிச்ச கிறுக்கு" என்று பட்டம் கொடுத்தீர்கள்!

சற்று முன் இதே மைக்கில் மேலாளர் அவர்கள் பியூலா அக்காவைப் பார்த்து என்ன சொன்னார்? "ஸாரிம்மா" என்றார். நீங்களும் உருகித் தலையாட்டினீர்கள்.

மறைந்தவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பதுதானே வழக்கம்? சொல்கிறேன். இதோ, விரல் போன இந்தக் கையையே தூக்குகிறேன்.

ஐயா அருஞ்சுனை அவர்களே, எந்த ஸாரி? பதில் வரும்வரை நான் மைக்கை விட மாட்டேன்.