சொம்பில் மோர் உண்டு

நல்ல மோர் குடிக்க வேண்டுமென்றால் இப்போதெல்லாம் பாலவனத்தம் விலக்கு வரை போக வேண்டியிருக்கிறது. அருப்புக்கோட்டைக்குள் கிடைப்பதெல்லாம் பாக்கெட் மோர். நான் பஸ் ஏறிப் போய், ஒரு டம்ளர் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறேன். பழைய எம்.எல்.ஏ. என்பதால் டிக்கெட் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் உட்காரவும் மாட்டார்கள்.

என் பெயர் வெங்கடரமணன். இரண்டு தடவை ஜெயித்தேன், இரண்டும் வேறு வேறு கட்சி. முன்னும் பின்னும் இருந்த கட்சிகளையும் சேர்த்தால் எத்தனை என்பது என் மனைவி தங்கம்மாளுக்குத்தான் தெரியும். வேட்டி துவைத்தவள் அவள். ஒரு கரையின் சாயம் இன்னொன்றில் ஏறிவிடக் கூடாது என்று தனித்தனி வாளியில் ஊறப்போடுவாள். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். கரைக்கு நூல் மாற்றினால் வேட்டி மாறிவிடாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசி வளர்ந்தவனுக்கு, வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

வெங்கடரமணன் கதை விடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம். நான் முதல் தடவை ஜெயித்த வருஷம் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் ஒரு கெண்டை மீன் தாகத்தில் செத்துப்போனது. அதற்கு இரங்கல் கூட்டம் நடத்தினேன். எதிர்க்கட்சிக்காரர்களும் வந்து தலைகுனிந்து நின்றார்கள். நான் இரண்டாவது கட்சிக்குப் போன அன்று சாயங்காலமே எங்கள் தெரு நாய் பழைய கரை வேட்டிகளைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. இவற்றையெல்லாம் நம்புகிறவர்கள் உண்டு. இப்போது சொல்லப்போவதைத்தான் யாரும் நம்புவதில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்து, “தலைவரு இன்னைக்கு நல்ல மூடுல இருக்காக” என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

சோலைச்சாமி எம்.ரெட்டியபட்டிக்காரன். அவன் அப்பா காலம் வரை பருத்திக்காட்டில் கூலி வேலை. இவன் லோடு ஆட்டோ ஓட்டினான். என் முதல் தேர்தலில் மைக் கட்டிய ஆட்டோ அவனுடையது. அன்றிலிருந்து நான் எந்தக் கட்சியில் ஏறினாலும் ஏறினான், இறங்கினால் இறங்கினான். கொள்கை என்ன, தலைவர் யார் என்றெல்லாம் கேட்டதில்லை.

“அண்ணாச்சி, இனிமே யாரத் திட்டணும்? அத மட்டும் சொல்லிப்புடுங்க” என்பான்.

“நேத்து யாரக் கும்பிட்டயோ அவுகளத்தாம்லே.”

“அப்பச் சரி. பழகுன ஆளுக. திட்டுறதுக்கு லேசா இருக்கும்.”

அவன் மனைவி அழகுத்தாய்க்கு என்னைக் கண்டால் ஆகாது. “ஒங்க அண்ணாச்சி பொண்டாட்டிய மாத்துனா நீங்களும் மாத்துவீகளோ?” என்று ஒரு நாள் என் காதுபடவே அவனிடம் கேட்டாள். சோலைச்சாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவுக மாத்தலையே” என்றான்.

அவனுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மதுரை டாக்டரிடம் என் காரில்தான் கூட்டிப்போனேன். மாத்திரை போடுகிறவர் வயிற்றைக் காயப்போடக் கூடாது, போட்டால் மயங்கிவிடுவார், அப்போது தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும், தூக்கினால் பிழைத்துக்கொள்வார், விட்டால் விட்டதுதான் என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். சோலைச்சாமி அதைக் காதில் வாங்கவில்லை. டாக்டர் பேசி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கவனித்தவன் நான்.

பிறகு நான் தோற்றேன். தோற்றவனைத் தேடி யாரும் வருவதில்லை. காலையில் குளித்து, கரை வேட்டி கட்டி, கூடத்தில் வந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை வாசலில் செருப்புச் சத்தம் கேட்காது. சோலைச்சாமி மட்டும் வந்து, காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இன்னைக்குக் கூட்டம் கம்மிதான்” என்பான். அந்தத் தனிமை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் கால்வாய்த் தண்ணீர் கேட்டு, திருச்சுழி ரோட்டில் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தேன்.

எங்கள் பக்கத்து உண்ணாவிரதத்துக்கு ஒரு முறை உண்டு. பந்தலில் உட்காருகிறவர் பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும். பெயர் தண்ணீர், உள்ளே இருப்பது நீர்மோர், உப்பு போட்டு, கொஞ்சம் குளுக்கோஸும் கலந்து. இது போலீஸுக்குத் தெரியும், பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும், எதிர்த்தரப்புக்கும் தெரியும், ஏனென்றால் அவர்கள் பந்தலிலும் அதே சொம்புதான். ஆகவே யாரும் பதற மாட்டார்கள். கடைசியில் தலைவர் வந்து தன் கையால் பழச்சாறு கொடுப்பார், இவர் குடிப்பார், எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தலைவர் கை படாமல் முடித்தால் அது உண்ணாவிரதம் இல்லை, வெறும் பட்டினி.

அதற்கு முந்தின உண்ணாவிரதத்தில் நானே உட்கார்ந்திருந்தேன். ஒரு டிவிக்காரர் என் மோர் மீசையைப் படம் பிடித்துவிட்டார். தமிழ்நாடே சிரித்தது. இந்தத் தடவை சோலைச்சாமியை உட்காரவைத்தேன். டாக்டர் வந்து சோதித்தாலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சொம்பில் வெறும் தண்ணீர் ஊற்றினேன்.

“நெசமாவே கெடக்கணுமா, அண்ணாச்சி?”

“நெசமாத்தாம்லே. வெளிய மூச்சு விட்றாத, அழகுத்தாய்கிட்டகூட. நான் வந்து என் கையால குடுக்குற வரைக்கும் எதையும் தொடாத.”

“மாத்திரை?”

“மாத்திரை சாப்பாட்டுல சேராதுல்ல. அதப் போட்டுக்க.”

சந்தோஷமாகத் தலையாட்டினான். முதல் தடவையாக நான் அவனைப் பந்தலுக்கு நடுவில் உட்காரவைத்திருந்தேன். மாலை கழுத்தில் சரியாக விழுந்திருக்கிறதா என்று அழகுத்தாயிடம் கேட்டான்.

ஆளுங்கட்சியின் மாவட்டச் செயலாளரைக் கட்சிக்காரர்கள் ‘மாவட்டம்’ என்றே சொல்வார்கள். மாவட்டம் முதலில் போனில் என்னிடம் நலம் விசாரித்தார். பிறகு விருதுநகருக்குத் தோசை சாப்பிடக் கூப்பிட்டார். பந்தலில் சோலைச்சாமியின் கன்னம் ஒட்ட ஒட்ட, எனக்கு மரியாதை கூடிக்கொண்டே வந்தது. தோசையோடு நின்றிருந்தால் நானும் பழச்சாறோடு போய் முடித்திருப்பேன். அவர் வாரியத் தலைவர் பதவி என்றார். கொடி கட்டிய கார் என்றார். அந்த வாரியம் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

சென்னைக்குப் போய்ச் சால்வை போட்டுக்கொண்டேன். டிவியில் காட்டியதும் பழைய கட்சிக்காரர்கள் பந்தலிலிருந்து கொடிகளை உருவிக்கொண்டு போனார்கள். பந்தல்காரர் நாற்காலிகளை அள்ளிக்கொண்டு போனார். கீற்றும் சமுக்காளமும் சோலைச்சாமியும் மிச்சம். என் ஆள் என்று பழைய கட்சி அவனைத் தொடவில்லை. தங்களுக்கு எதிராக உட்கார்ந்தவன் என்று புதுக் கட்சியும் எட்டிப் பார்க்கவில்லை. காவலுக்கு இருந்த போலீஸ்காரர் மட்டும் கொஞ்சம் தள்ளி வேப்பமர நிழலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்திரிங்க. அவுகதான் அந்தப் பக்கம் போயிட்டாகள்ல” என்று அழகுத்தாய் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

“கூறு கெட்டவளே, போனதே தண்ணி வாங்கத்தான். வருவாக” என்றானாம்.

அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்து, சொம்பைத் தூக்கி ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறாள். உடனே போலீஸ்காரரிடம் ஓடி, “நெசமாவே ஒண்ணும் திங்கல சார், வெறுந் தண்ணி சார்” என்று கத்தியிருக்கிறாள். அவர் என்ன செய்வார்? பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுவதும் எங்கள் உண்ணாவிரதத்தில் முறைதான். இருந்தாலும், சிறிது நேரத்தில் சோலைச்சாமி மயங்கிச் சாய்ந்ததும் தன் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார். இன்ஸ்பெக்டர் என்னைப் போனில் கூப்பிட்டார். விடுதி அறையில் எனக்கும் மாவட்டத்துக்கும் பிரியாணி வந்து வைத்த நேரம்.

“தலைவரே, ஒங்க ஆளு மயங்கிக் கெடக்கான். ஆம்புலன்ஸ்ல தூக்கவா? இல்ல, வழக்கமானதுதானா?”

மாவட்டம் எலும்பைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அவர்கள் ஆட்சிக்கு எதிராக ஒரு நோயாளியை நிஜமாகவே பட்டினி போட்டவன் நான் என்பது அந்த அறையிலேயே தெரிந்துவிடும். பதவியேற்பு மறுநாள். இதில் யோசிக்க அதிகம் இல்லை.

“சொம்புல மோர் உண்டு சார்” என்றேன். “மயக்கமும் நான் சொல்லிக் குடுத்ததுதான். நீங்க தூக்குனா டிவில பெரிசாக்கிருவாக. பொழுது சாய தானா எந்திரிப்பான்.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். மாவட்டமும் சிரித்தார். நான் சொன்னவற்றில் ஊர் சந்தேகப்படாமல் நம்பியது அந்த ஒன்றைத்தான். சோறு சூடாக இருந்தது, சாப்பிட்டேன்.

அழகுத்தாய் ஆஸ்பத்திரிக்குத் தூக்க ரோட்டில் போன வண்டிகளை மறித்தாளாம், உண்ணாவிரத நாடகம் என்று யாரும் நிறுத்தவில்லை. பொழுது சாய்ந்தது. அவன் எழவில்லை.

பதவியேற்ற கையோடு புதுக் கரை வேட்டியில் எம்.ரெட்டியபட்டிக்குப் போய் மாலை போட்டேன். என் தம்பியைப் பழைய கட்சி பலி வாங்கிவிட்டது என்று பேசினேன். பெண்கள் அழுதார்கள். அழகுத்தாய் அழாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

“நெசம்னு ஒரு வார்த்த போலீஸ்கிட்ட சொல்லிருக்கலாம்ல, அண்ணாச்சி?”

“எனக்கு யாரும் போன் பண்ணலயே தாயி” என்றேன்.

தங்கம்மாள் அன்றைய வேட்டியைத் துவைக்கவில்லை. வாளியில் போடாமல் கொடியிலேயே விட்டுவிட்டு, மகன் சந்தீப் இருக்கும் பெங்களூருக்கு பஸ் ஏறியவள் அங்கேயே இருந்துவிட்டாள். ஆட்சி மாறியதும் வாரியமும் காரும் போயின. அடுத்து இரண்டு கட்சிகள் என்னைச் சேர்த்துக்கொண்டு படம் எடுத்தன. அதற்குப் பிறகு கூட்டத்துக்குச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டன. இப்போது வீட்டில் பேசுவதற்கு டிவி மட்டும் இருக்கிறது. அதுவும் பதில் சொல்வதில்லை.

கொன்றது நான்தான். மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொன்னது, தண்ணீரை ஊற்றியது, மோர் என்றது எல்லாம் நான். எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஒன்றை நியாயமாக யோசித்துப் பாருங்கள். என்னோடு அத்தனை வருஷம் இருந்தவன். நான் வரமாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் நான் கோபித்திருக்கவே மாட்டேன். மறுநாள் காலையில் வழக்கம்போல வந்திருக்கலாம். கட்சி மாறினால் கூட இருப்பவர்கள் விலகுவது சகஜம், அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. சோலைச்சாமியும் என்னை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவான் என்றுதான் நான் நினைக்கவில்லை.