கொழும்பில் எடுத்த மூளைப் படம்

மூளையைப் படம் பிடித்தால் நினைப்பெல்லாம் அதில் விழுந்துவிடும் என்றே நம்பியிருந்தேன். அதனால் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பக்கத்திலிருந்த எங்கள் ஊர்ப் பெண், தலைகுனிந்திருந்த தன் கணவனுக்குக் கொழும்பில் எடுத்த மூளை ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததும், நான் என் தலையைத் துவாயால் மூடிக்கொண்டேன்.

"அண்ணை, இவரின்ரை படத்திலை ஒண்டுமில்லையாம்."

"நல்லதுதானே, பிள்ளை."

"என்ன நல்லது? மாமி இனி நடிப்பெண்டு சொல்லி மருந்தெடுக்க விடமாட்டா. போன மாதம் மூண்டு நாள் நித்திரையில்லாமல், அயலவையின்ரை வெங்காயத் தோட்டத்துக்கெல்லாம் வாளியாலை தண்ணி இறைச்ச மனுசன். இப்ப சோத்துக்கும் வாய் திறக்கிறாரில்லை."

"அப்ப ஊரே தங்கமான மனுசன் எண்டு புகழ்ந்ததெல்லோ."

அவர்களை டொக்டரின் அறைக்குள் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே கிடந்தது. டொக்டர் படத்தைப் பார்த்து, "இந்த வருத்தம் படத்திலை விழாது" என்று உறைக்குள் வைத்தார். வெங்காயத்துக்கு இறைத்த கதையை அவளிடம் முழுதாகக் கேட்டுத்தான், "அந்த வேகமும் இந்தச் சோர்வும் ஒரே வருத்தம்தான்" என்று சொல்லிக் குளிசை மருந்து எழுதினார்.