ஏழாம் படுக்கை

— எந்த நம்பர்னு சொல்லு தம்பி, போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன்.

— ஒரு நிமிஷம் சிஸ்டர். தப்பான ஆளு வந்து நின்னுட்டா?

— அதுக்குத்தானே உன்னைக் கேக்கறேன். மாலை வகுப்புல யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம்னு மூணு மதத்தையும் அட்டவணை போட்டுப் படிக்கிறியாமே. வார்டு கிளார்க்குக்கு இவ்வளவு படிப்பான்னு வெளிய சிரிக்கிறாங்க.

— அரைகுறைதான் சிஸ்டர். போன பரீட்சையில நாப்பத்திரெண்டு.

— எனக்கு அது போதும். ஏழாம் படுக்கைப் பெரியவர் மத்தியானம் தாண்ட மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார். சொந்தம்னு யாரும் இல்ல. மதம்ங்கிற இடத்துல வெறும் கோடு. நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்றது மூணே பேரு. யூதருங்களோட ரபியா, சர்ச் பாதரா, பள்ளிவாசல் இமாமா? கண்ணு திறந்தா கடைசியா தெரியப்போற முகம் தம்பி. அது அவருக்கு வேண்டிய முகமா இருக்கணும்.

— நீங்க அவர்கிட்ட பேசிப் பார்த்தீங்களா?

— நான் இன்னைக்குக் காலையிலதானே இந்த வார்டுக்கு மாறி வந்தேன். அவருக்கு அப்பவே நினைவு இல்ல. ஆயாம்மாதான் எல்லாரையும் பார்த்துக்கிட்டாங்க. இன்னைக்கு லீவு, போனும் எடுக்கல. இந்தா, அவங்க நோட்டு.

— 'ரெண்டு பால் குடிச்சது. ஏழு முரண்டு பண்ணுது. ஒன்பது குளிச்சாச்சு.' என்ன சிஸ்டர் இது, பரீட்சை ரிசல்ட் மாதிரி?

— பேரே சொல்ல மாட்டாங்க, எல்லாம் படுக்கை நம்பர்தான். அவங்க வீட்டுப் பிள்ளைங்களே பெருசு, நடு, சின்னதுதான். ஏழாம் நம்பரை மட்டும் படி.

— 'ஏழு பன்றிக்கறின்னதும் தட்டைத் தள்ளிடுச்சு.'

— அப்ப இமாம். போட்டுடவா?

— இருங்க, இருங்க. யூதருங்களும் அதைத் தொடமாட்டாங்க. என் அட்டவணையில ரெண்டு கட்டத்துலயும் டிக் இருக்கு.

— சரி, அடுத்தது.

— 'சனிக்கிழமை. ஏழு லைட் சுவிட்சைத் தொடல. இருட்டுலயே உக்காந்திருந்துச்சு.' இது யூதர் சிஸ்டர். சனிக்கிழமை அவங்களுக்கு ஓய்வு நாள், விளக்கு ஏத்த மாட்டாங்க. மூணுலயும் மூத்த மதம் அதுதான். தப்பா இருந்தா சொல்லுங்க.

— எனக்கென்ன தெரியும்? நீ சொன்னா சரி. ரபி நம்பர் சொல்லு.

— அடுத்த பக்கம் இடிக்குதே. 'ஏழு மரியம் கதை சொல்லுச்சு. பிள்ளை பிறந்தது பேரீச்சை மரத்தடியிலயாம். தொட்டில்ல கிடந்தே பேசுச்சாம்.'

— மரியாள், இயேசு! பாதர்தானே அப்ப?

— பாதர் சொல்ற கதையில மாட்டுத் தொழுவம் சிஸ்டர். பேரீச்சை மரம் குர்ஆன்ல வருது.

— அவங்க புத்தகத்துலயும் இயேசுவா?

— ஈசா நபின்னு இருக்காரே. பெரிய இறைத்தூதர், ஆனா கடவுளோட மகன் இல்லன்னுவாங்க. கிறிஸ்தவங்களுக்கு மகன். யூதருங்க இவரை மெசியான்னு, அதாவது கடவுள் அனுப்பற மீட்பர்னு ஏத்துக்கல, மெசியா இனிமேதான் வரணும்னு காத்திருக்காங்க. இத்தனைக்கும் இயேசு பிறந்ததே யூதக் குடும்பத்துல.

— தலை சுத்துது தம்பி. பங்காளிங்க பாகப்பிரிவினை மாதிரி இருக்கு.

— பங்காளிங்கதான். மூணு பேருக்கும் மூதாதை ஆபிரகாம். மூத்த மகன் இஸ்மாயில் வழியில முகமது நபிங்கறாங்க, இளையவர் ஈசாக்கு வழியில யூதருங்க. கடவுள் ஒருத்தர்தான்னு மூணு வீட்டுலயும் சொல்றாங்க. அந்த ஒருத்தரை எப்படிப் புரிஞ்சுக்கறதுங்கறதுலதான் வழக்கு.

— வழக்கு முடியறதுக்குள்ள பெரியவர் போயிடுவார். இன்னும் என்ன எழுதியிருக்கு?

— 'ஏழு எழுந்ததும் வலது கையால நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோளுன்னு தொட்டுச் சிலுவை போட்டுச்சு.' போச்சு! மூணு கட்டத்துலயும் ஒரே ஆளு. என் அட்டவணையே தப்போ என்னமோ. எனக்கு அப்பவே சந்தேகம்.

— எந்தக் கைன்னு சொன்னே?

— வலது கை.

— தம்பி, காலையில நான்தான் அவருக்குச் சட்டை மாத்திவிட்டேன். வலது கை முழங்கையோட சரி. பழைய தழும்பு.

— அப்ப சிலுவை போட்டது யாரு?

— கேஸ் ஷீட்டைப் பாரு. என்னைக்குச் சேர்ந்தார்?

— நேத்து சாயங்காலம். சிஸ்டர், இந்த நோட்டு ரெண்டு மாசமா எழுதினது.

— அட கடவுளே! ஏழுன்னா ஆளு இல்ல, கட்டிலு. ஒருத்தர் போகப் போக அடுத்தவர். மூணு பேரை ஒரு ஆளாக்கிட்டு உக்காந்திருக்கோம்.

— ஒரு யூதர், ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர். அப்ப என் அட்டவணை சரிதான்!

— அட்டவணையைத் தூக்கிப் போடு. இவரைப் பத்தி ஏதாவது இருக்கா?

— நேத்து தேதியில ஒண்ணே ஒண்ணு இருக்கு.

— என்ன? ஏதாவது சாமி பேரு சொன்னாரா?

— இல்ல. 'புது ஏழு. கொஞ்சம் தெளிஞ்சதும் நாற்காலியைக் கட்டில் பக்கத்துல இழுத்துப் போடச் சொல்லுச்சு. யாராவது உக்காருங்கன்னுச்சு. வேலை கிடக்குன்னேன். நாளைக்கு யாராவது வந்து உக்காருவாங்கன்னு சொல்லியிருக்கேன்.'

— அந்தப் பக்கம் நாற்காலி எதையும் நான் பார்க்கலையே.

— சிஸ்டர்... நான் உக்காந்திருக்கேனே, இந்த நாற்காலியைக் காலையில ஏழாம் படுக்கைக்கிட்டேர்ந்துதான் எடுத்துட்டு வந்தேன்.