துருக்கிக்காரி ஊற்றிய தண்ணீர்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். அக்கா ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தவர்.

"நான் வெளிக்கிடேக்க பக்கத்து வீட்டுத் துருக்கிக்காரி காருக்குப் பின்னால ஒரு வாளி தண்ணி ஊத்தினவ" என்றார்.

"சவம் எடுத்த வீட்டிலதானே அக்கா தண்ணி ஊத்திக் கழுவுறது?"

"முதல்தரம் நானும் அப்பிடி நினைச்சு அவவோட ஒரு மாசம் கதைக்கேல்லை. பிறகுதான் மகள் விசாரிச்சுச் சொன்னவள். போற ஆள் தண்ணி மாதிரித் தடையில்லாமல் போய்த் திரும்பி வரவேணுமாம். வீட்டு ஆக்கள்தான் ஊத்துறதாம்."

"அப்ப அவவுக்கு ஆர் ஊத்துறது?"

"அவவின்ர ஊரில இப்ப அவவை ஜெர்மன்காரி எண்டுதான் சொல்லுகினமாம். அங்க ஊத்த ஒருத்தரும் இல்லை. போன கோடையில அவ ஊருக்கு வெளிக்கிடேக்க நான்தான் ஊத்தினனான். காரால இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவ."

பம்பலப்பிட்டி தாண்டியதும் தங்கச்சி அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீ திரும்பிப் போகேக்க நானும் ஊத்தட்டோ? எங்கட வீடு நாலாம் மாடியில, அங்க இருந்து ஊத்தினா கீழ் வீட்டுக்காரர் ஏசுவினம்."

"ஏசட்டும். நீ ஊத்து."