வெள்ளைப் பூ வாக்கு

குடலிறக்க ஆபரேஷனுக்காகச் சேலத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தேன். ஓடுவதற்கு வசதியாக, வாசலை ஒட்டிய பெஞ்சில். பக்கத்தில் பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர். அவருக்கும் அதே நோவுதான். ஆனால் மனைவியிடம் அவர் சொன்னதைக் கேளுங்கள்:

“அம்மனே வெள்ளைப் பூக் குடுத்துட்டா. இனிக் குளோரோபாரமென்ன, கத்தியென்ன?”

சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியே பொட்டலம் கட்டிச் சந்நிதியில் போட்டு ஒன்றை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் சரி; சிவப்பு வந்தால் வேண்டாம். எனக்கு எது வந்தாலும் பயம் என்பதால் நான் கேட்கவேயில்லை.

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏனுங்க, உள்ள போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லீர்றனுங்க. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூவத்தானுங்க வெச்சுக் கட்டுனேன்.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் வியர்த்தது.

“செவப்பு வந்தா நீங்க வரவே மாட்டீங்க. வலியில நீங்க மொனகறத என்னால கேக்க முடியலீங்க. அம்மன் கோவிச்சா என்மேல கோவிக்கட்டுமுங்க.”

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார்.

“இன்னொரு பொட்டலத்தையும் நான் அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன் புள்ள.”

“பாத்துட்டுமா வந்தீங்க?”

“அம்மனையே ஏமாத்தற அளவுக்கு நான் உனக்கு வேணுமின்னா, பொழச்சுத்தான ஆகோணும்?”