இடமாற்றம் என்ற பெயரில் ஒரு பழிவாங்கல்

தலைமையேற்று வீற்றிருக்கும் அண்ணன் செங்கல்வராயன் அவர்களே! முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! வேலை முடித்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! வணங்கித் தொடங்குகிறேன்.

சேக்காட்டுச் சபீனா இதோ உங்கள் நடுவே இருக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டிப் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் வேலை. பெண்கள் வேலை செய்யும் கூடத்தின் பின்கதவை நிர்வாகம் பூட்டியே வைத்திருந்தது. தீப்பிடித்தால் எங்கே ஓடுவது? மேலாளர் கஜபதியிடம் கேட்டார் சபீனா.

"தொறந்து வுட்டா டீ குடிக்க ஓடிப்பூடுவீங்க" என்றார் அந்த மகான்!

சபீனா தொழிற்சாலை ஆய்வாளரிடம் புகார் செய்தார். ஆய்வாளர் வந்தார், கதவு திறந்தது. அடுத்த வாரமே சபீனாவுக்கு ஓசூருக்கு இடமாற்றம்! வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை. அவரால் போக முடியாதென்று கஜபதிக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்துதான் அனுப்பினார்!

"இன்னா சார், கதவத் தொறக்கச் சொன்னதுக்கா என்னை ஊர வுட்டு அனுப்புறீங்க?"

"கம்பெனி எங்குளுது. புடிக்கலன்னா எழுதிக் குடுத்துட்டுப் போ."

சபீனா எழுதிக் கொடுக்கவில்லை. அழுதுகொண்டே நம் தொழிற்சங்கத்துக்கு வந்தார். நிமிர்ந்து தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்.

அங்கே கம்பெனி வக்கீல் முழங்கினார்: "இடமாற்றம் நிர்வாகத்தின் உரிமை! வேலைக்குச் சேரும்போதே ஒப்புக்கொண்ட நிபந்தனை!" உண்மைதான். யார் மறுத்தது?

என்ன தம்பி, "அப்போ இன்னாதான் தப்பு?" என்கிறாயா? பொறு நைனா, அங்கேதான் வருகிறேன்.

நம் வழக்கறிஞர் வித்யா எழுந்தார். கூண்டில் நின்ற கஜபதியைக் கேட்டார்: "ஓசூருக்கு அனுப்ப வேறு ஆளே இல்லையா? ஏன் சபீனா?"

கஜபதிக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு உண்மையும் வந்தது!

"இவள வுட்டா, நாளைக்கு எல்லாப் பொம்பளையும் கேள்வி கேப்பாளுங்க சார்!"

ஆகா! எப்பேர்ப்பட்ட அறிவாளி! நம் தரப்புக்குச் சாட்சியே தேவைப்படவில்லை. தன் வாயாலேயே தன்னைப் பிடித்துக் கொடுத்தார். இடமாற்றம் செல்லாது, அது பழிவாங்கல் என்றது தீர்ப்பு. சபீனா அம்பத்தூரிலேயே வேலைக்குத் திரும்பினார்.

முதலாளிமார்களே! ஆளை மாற்றுங்கள், இயந்திரத்தை மாற்றுங்கள், ஆலையையே மாற்றுங்கள்! உரிமை உண்டு. ஆனால் எதற்காக? வேலை நடக்க மாற்றினால், அது நிர்வாகம். வாயை அடைக்க மாற்றினால், அது சட்டவிரோதம்! அதே ஆணைதான், அதே கையெழுத்துதான். கருத்தில் கறை படிந்தால் காகிதம் காப்பாற்றுமா? வக்கீல் காப்பாற்றுவாரா? உங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் விருதுகள்தான் காப்பாற்றுமா?

எல்லாப் பெண்களும் கேள்வி கேட்பார்கள் என்று பயந்தாரே கஜபதி, அந்தப் பயம் பலிக்கட்டும்! கேளுங்கள் தாய்மார்களே, நாளைக் காலையே கேளுங்கள்!

இவ்வளவு நேரம் அமர்ந்தும் கால்கடுக்க நின்றும் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!